வண்டி மையைத் தின்ற ஞாயிற்றுக்கிழமை

அறுபதுகளின் கடைசியில் தாம்பரம் ஸ்டேஷன் மேற்கு வாசலில் வரிசையாக நின்ற குதிரை வண்டிகளில், ஓடும்போது சத்தம் போடாத வண்டி ஒன்றே ஒன்றுதான். அது என்னுடையது. இதை நான் சொல்லக்கூடாது, ஊர்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். ஊரில் அதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேருக்குக் காது கேட்பதில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. ஆனால் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், உள்ளே மை இருக்கிறதா, வறண்டு கிடக்கிறதா, மணல் புகுந்திருக்கிறதா என்று பிசகில்லாமல் சொல்லிவிடுவேன். பின்னாளில் லாரி வாங்கினேன், வீடு கட்டினேன், பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பினேன். அவர்களில் ஒருவருக்கும் இந்தக் காது வாய்க்கவில்லை.

வண்டிச் சக்கரத்தின் நடுவில் இருக்கிற கட்டைக்குக் குடம் என்று பெயர். அதற்குள் பித்தளையில் ஒரு வளையம். அதன் வழியாக இருசு என்கிற இரும்புத் தண்டு போகிறது. இரும்பும் பித்தளையும் நேருக்கு நேர் உரசிக்கொண்டே சுற்றினால் சண்டைதான் வரும். நடுவில் நின்று சமாதானம் பேச ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மை.

சனிக்கிழமை மத்தியானம் சவாரி குறைவு. அப்போது குதிரையை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டிவிட்டு, வண்டிக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்து ஒரு பக்கத்தைத் தூக்குவேன். சக்கரம் கழன்று ஓடாமல் பிடித்திருக்கிற கடையாணியை உருவிவிட்டு, சக்கரத்தை ஒரு சாண் வெளியே இழுத்தால் இருசு தெரியும். முதல் வேலை புது மை போடுவது அல்ல, பழையதைத் துடைப்பது. மற்ற வண்டிக்காரர்களின் மண்டையில் இது கடைசி வரை ஏறவே இல்லை. பழைய மைக்கு மேல் புது மையை அப்புவது, குளிக்காமல் பவுடர் போட்டுக்கொள்வதைப் போல. நான் சாக்குத் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, இருசில் என் முகம் தெரிகிற வரை துடைப்பேன். அந்த வயதில் என் முகம் பார்க்கிற மாதிரி இருக்கும். அதனால் அந்த வேலைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும்.

மை கடையில் வாங்குகிற பொருள் அல்ல. வைக்கோலைக் கொளுத்தி, அது சாம்பலாகிவிடுவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துக் கரியாக நிறுத்த வேண்டும். அந்தக் கரியை இடித்து, பழைய வேட்டியில் சலித்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைக்க வேண்டும். மார்கழியில் கொஞ்சம் தளர்வாக, சித்திரையில் கெட்டியாக. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிரித்தால் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வந்து அறுந்துபோக வேண்டும். அதுதான் பதம். விளக்கெண்ணெயைப் படப்பை ஊர் வரைக்கும் போய்ச் செக்கிலேயே வாங்கி வருவேன். மிச்சம் இருப்பதை வண்டிக்கு அடியில் உட்கார்ந்து, குலுக்கலைத் தாங்குகிற வில் பட்டைகளின் இடுக்கில் கோழி இறகால் தடவுவேன். சேணத்து வாருக்கும் அதே எண்ணெய்தான்.

என் மனைவிக்கு இது ஆகாது.

"தலைக்கு வச்சிக்க ஒரு சொட்டு எண்ண கேட்டா இல்லன்ற. சக்கரத்துக்கு மட்டும் கிண்ணம் கிண்ணமா ஊத்துற. நான் இன்னா சக்கரத்த விட மட்டமா?" என்பாள்.

"நீ சத்தம் போட்டா வூட்டுக்குள்ளதான் கேக்கும். அது சத்தம் போட்டா ஊருக்கே கேக்குமே" என்பேன்.

அன்றைக்குச் சோறு கொஞ்சம் தாமதமாகும்.

ஸ்டாண்டில் எனக்கு ஒரு எதிராளி இருந்தார். என்னைவிட மூத்தவர். வெயிலோ மழையோ நிழலோ, வண்டியில் ஒரு கறுப்புக் குடையை விரித்துக் கட்டி அதன் கீழ் உட்கார்ந்திருப்பார். குடைக்காரர் என்றால் ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரியும். அவர் மை குழைக்க மாட்டார். லாரி ஷெட்டில் வடித்து ஊற்றுகிற வேஸ்ட் ஆயிலை டின்னில் வாங்கி வந்து, கடையாணியைக்கூடக் கழற்றாமல், வெளியிலிருந்தே சக்கரத்துக்கு அபிஷேகம் செய்வார். தண்ணீர் மாதிரி இருக்கிற எண்ணெய் எங்கே நிற்கும்? முடிச்சூர் ரோட்டுத் திருப்பத்தில் அவர் வண்டி வரும்போதே ஸ்டாண்டில் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். அதற்கு மேல் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது.

"சத்தம் இல்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா? திருட்டுப் பூன மாதிரி வந்துகினு கீது" என்று என் வண்டியைப் பற்றிச் சொல்வார்.

"அண்ணாத்தே, உன் வண்டிய குதிர இஸ்துகினு வரல. வண்டிக்கி பயந்துகினு ஓடியாருது" என்பேன் நான்.

சர்ச்சுக்குப் போகிற டீச்சரம்மாக்கள் என் வண்டியில்தான் ஏறுவார்கள். ஆராதனை ஆரம்பித்த பிறகு போய் இறங்கினாலும் உள்ளே இருக்கிற பாதிரியாருக்குத் தெரியாது. ஆனால் எனக்குச் சோறு போட்டது டீச்சரம்மாக்கள் அல்ல. முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெரு. முழுக்கச் சைவக் குடும்பங்கள். ஆபீஸ்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் மனை வாங்கிக் கட்டிய வீடுகள். முட்டை என்ற சொல்லைக்கூட அந்தத் தெருவில் யாரும் உரக்கச் சொல்லிக் கேட்டதில்லை. கோயிலுக்கு, டாக்டருக்கு, ஸ்டேஷனுக்கு, எதுவானாலும் அந்தத் தெருவுக்கு என் வண்டிதான். அந்தத் தெருவை நம்பித்தான் என் குதிரை கொள்ளு தின்றது.

தெருமுனை வீட்டு அம்மாதான் அந்தத் தெருவின் ராணி. யாரிடம் பால் வாங்குவது, எந்தக் கீரைக்காரியை உள்ளே விடுவது எல்லாம் அவர் முடிவு. அவர் வேண்டாம் என்று சொன்ன ஆளிடம் அடுத்த வீடும் வாங்காது. அவருடைய வீட்டுக்காரரைச் சார் என்று கூப்பிடுவோம். ஏதோ ஒரு ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து, கீழே இருந்தவர்களையெல்லாம் நடுங்க வைத்தவராம். வீட்டில் அதற்கான சுவடே தெரியாது.

அவர்கள் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் மாப்பிள்ளை வீட்டார் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறார்கள். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்குள் காலை வைத்துவிட வேண்டும். மாப்பிள்ளையை அழைத்து வர என் வண்டி. ஸ்டேஷன் கடையில் வாடகைக்கு எடுத்த பாத்திரம், பாய், மாப்பிள்ளை வீட்டார் படுக்கை ஏற்றக் குடைக்காரர் வண்டி. அவருக்கு முகம் இருண்டுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து திரும்பி வந்து என் வண்டியிலிருந்து இறங்கும்போது, அந்த அம்மாவின் பட்டுப்புடவை சக்கரத்தில் பட்டுவிட்டது. கையகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை. அவர் புடவையைத் தூக்கிப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சரம்மாக்களைச் சர்ச்சில் விட்டுவிட்டு ஸ்டாண்டுக்கு வந்தால், சார் சைக்கிளில் காத்துக்கொண்டிருக்கிறார்.

"அம்மா உன்னைக் கூப்பிடறா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் குதிரையின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

போனேன். வாசலில் பந்தல் போட்டு வாழைமரம் கட்டியாகிவிட்டது. குடைக்காரர் ஏற்கெனவே வந்து பந்தல்காலில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். அந்த அம்மா துணி உலர்த்துகிற கொடிக்குச்சியின் நுனியில் அந்தப் புடவையை மாட்டி, பாம்பைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி தூரத்திலிருந்தே நீட்டினார்.

"இது என்னப்பா?"

"மைம்மா. கொஞ்சம் மண்ணெண்ண வச்சித் தொடச்சா பூடும்."

"போறது இருக்கட்டும். இதுல என்னெல்லாம் சேக்கறே?"

"வைக்கோல் கரி, வெளக்கெண்ண. அவ்ளோதாம்மா."

"கொழுப்பு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"கசாப்புக் கடையில கொழுப்பு வாங்கி, உருக்கி ஊத்தறியாமே. அதனாலதான் உன் வண்டி சத்தமே போடறதில்லையாம். வேற எந்த எண்ணெய்க்கும் இப்படி அடங்காதாம். ரெண்டு வருஷமா அந்த வண்டியில ஏறித்தான் நான் கோயிலுக்குப் போயிட்டிருக்கேன்."

"யாரும்மா சொன்னது?"

சார் வாழைமரத்தின் காய்களை எண்ணுகிறவர் போல மேலே பார்த்தார். குடைக்காரர் கீழே பார்த்தார்.

இருபது வருஷமாக நான் சேர்த்த பேர் என் கண் முன்னால் குச்சி நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. என் வண்டி சத்தம் போடாததே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நான் வாயால் பேசி எதையும் நிரூபிக்கிற ஆள் அல்ல, செய்து காட்டுகிறவன். வண்டிக்கு அடியில் தொங்குகிற மூங்கில் குழாயை எடுத்தேன். அதில்தான் மை இருக்கும். விரலை விட்டு எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உருண்டை வழித்தேன். "பாருங்கம்மா" என்று சொல்லி வாயில் போட்டு விழுங்கினேன்.

அதன் ருசியை விவரிக்கப்போவதில்லை. அடுப்பங்கரைச் சுவரை நக்கினால் எப்படி இருக்குமோ, அதில் எண்ணெயும் சேர்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ "ஐயோ" என்றார்கள். நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். பல் எல்லாம் கறுப்பாக இருந்திருக்கும்.

"கொழுப்பா இருந்தா துன்னுவனாம்மா?" என்றேன்.

அந்த அம்மா புடவைக் குச்சியைக் கீழே இறக்கினார். "நீ கறி சாப்பிடறவன்தானே?"

"ஆமாம்மா."

"அப்போ கொழுப்பைத் தின்னறதுல உனக்கென்ன கஷ்டம்?"

இந்தக் கணக்கை மூன்றாம் வகுப்பில் சொல்லித்தரவில்லை. மேல் வகுப்பிலும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். குடைக்காரர் தொண்டையைச் செருமினார். தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் குழாயில் மறுபடி விரலை விட்டு, முதல் உருண்டையைவிடப் பெரிதாக ஒன்று எடுத்து அதையும் விழுங்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். பேச்சு அடைத்துப்போன இடத்தில் மனிதன் எதையாவது செய்ய வேண்டியிருக்கிறது.

"போதும், போதும்" என்று சார் குறுக்கே வந்தார். "இந்த நேரத்துல வேற வண்டிக்கு எங்க போறது? சாயந்தரம் ரயில் வந்துடுமே."

"மாப்பிள்ளை இன்னைக்கு இதுலயே வரட்டும்" என்றார் அந்த அம்மா. "எல்லாரும் வாசல்லயே கால் கழுவிட்டு உள்ள வரட்டும். ஆனா இதோட சரி. நாளையிலேருந்து இந்த வண்டி நம்ம தெருவுக்கு வேண்டாம். மத்த வீட்டுக்கும் சொல்லிடறேன்."

அவ்வளவுதான். மாலையில் ஒரு சவாரி. அதோடு அந்தத் தெரு எனக்கு இல்லை.

வீட்டுக்குப் போனதும் என் மனைவி கேட்டாள். "இன்னாயா வாயெல்லாம் கறுப்பா கீது?"

நடந்ததைச் சொன்னேன். தெரு போனதைக் கேட்டு அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"வெளக்கெண்ணயா துன்ன? எவ்ளோ?"

"ரெண்டு உருண்ட."

"யோவ், கொயந்திக்கு ஒரு பாலாட குடுத்தாலே வூட்டுக்கும் தோட்டத்துக்கும் தூக்கினு அலையணும்."

"நான் இன்னா கொயந்தியா? என் வயிறு இரும்புடி."

"இரும்புக்குத்தான அந்த மையயே போடுற" என்றாள்.

அவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். சோறு வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வண்டியை அலங்கரிக்க உட்கார்ந்தேன். கடைசிச் சவாரி என்றாலும் என் வண்டி என் வண்டிதான். கூண்டைச் சுற்றிச் சாமந்தி மாலை கட்டினேன். பித்தளைப் பூண்களைப் புளி போட்டுத் தேய்த்தேன். குதிரையின் நெற்றிக்கு ஒரு சிவப்புக் குஞ்சம். சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பார்த்தேன். காற்றாடி மாதிரி சுற்றியது, மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

ரயில் தாமதம். மாப்பிள்ளை, அவனுடைய அம்மா, தாய்மாமன், மூன்று பேர் இறங்கினார்கள். மற்ற சொந்தக்காரர்கள் மறுநாள் விடியலில் வருகிறார்கள். தாய்மாமன் கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு, பஞ்சாங்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்த ஆள். மாப்பிள்ளை சென்னையில் ஏதோ ஆபீசில் டைப் அடிக்கிற பையன். ஒல்லியாக, வாய் திறக்காமல் இருந்தான். சாமான்கள் குடைக்காரர் வண்டியில் ஏறின. நான் முன்னால், அவர் பின்னால் கிளம்பினோம்.

"பரவாயில்லையே. வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியலையே" என்றார் தாய்மாமன்.

அப்போதுதான் என் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று புரண்டு படுத்தது.

முதலில் மரியாதையாகத்தான் வந்தது. ஏரிக்கரைத் திருப்பத்தில் மரியாதை போய்விட்டது. வண்டியை ஓரங்கட்டினேன்.

"குதிரைக்கித் தண்ணி காட்டிட்டு வந்துர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பின்னால் தாய்மாமனின் குரல் கேட்டது. "தண்ணி காட்டறேன்னு சொல்லிட்டுக் குதிரையை இங்கயே விட்டுட்டுப் போறானே."

கரைக்கு அந்தப் பக்கம் மறைவுக்குக் கிடைத்தது ஆமணக்குப் புதர் மட்டும்தான். எந்தச் செடியின் கொட்டையிலிருந்து விளக்கெண்ணெய் எடுக்கிறார்களோ அதே செடி. அதற்குப் பக்கத்தில் போய் உட்கார எனக்கு மனசே இல்லை. ஆனால் வேறு செடி தேட நேரமும் இல்லை.

திரும்பி வந்து கயிற்றைப் பிடித்தேன். பின்னால் குடைக்காரரும் வண்டியை நிறுத்திவிட்டு, குடைக்குக் கீழே பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தம்பி, குதிர நல்லா குட்ச்சிச்சா?" என்றார்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பனைமரங்களுக்குப் பக்கத்தில் மறுபடியும் நிறுத்தினேன். இந்தத் தடவை கடையாணியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"ஏன், என்ன ஆச்சு?" என்று மாப்பிள்ளையின் அம்மா பயந்துபோய்க் கூண்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. ஒரு சந்தேகம்தான்" என்று சொல்லிக்கொண்டே பனைமரங்களுக்குள் நுழைந்தேன்.

"கடையாணி சக்கரத்துலதானே இருக்கு? அந்தாளு எங்க போறான்?" என்று தாய்மாமன் கேட்டது எனக்கும் கேட்டது. பதில் சொல்கிற நிலைமையில் நான் இல்லை.

திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தேன். இன்னும் தெரு வரவில்லை. தாய்மாமன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"யோவ், நாலரைக்கு ராகு காலம். தெரியுமில்ல? அதுக்குள்ள போகலேன்னா ஆறு மணி வரைக்கும் மாப்பிள்ளை ரோட்டுலதான் நிக்கணும். பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?"

"போய்டலாம் சார்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, வயிறு மூன்றாம் தடவை கூப்பிட்டது. நான் ஆட்டம் காண்கிற ஆள் அல்ல. ஆனால் அந்த நிமிஷம் எனக்கே வேர்த்துவிட்டது. நான் இறங்கினால் ராகு காலம் வந்துவிடும். இறங்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே என் மானம் போய்விடும். தெருவில் எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு சவாரிதான். அதையும் கெடுத்துவிட்டால் ஸ்டேஷனிலேயே என்னைச் சீந்த ஆள் இருக்காது.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டான். "நான் ஓட்டட்டுமா?"

"உனக்கென்னடா தெரியும்?" என்றார் அவன் அம்மா.

"சின்ன வயசுலேருந்து ஆசைம்மா."

நான் கயிற்றை அவன் கையில் திணித்தேன். "இஸ்க்காதீங்க சார். சும்மா புட்ச்சிகினு குந்துங்க. அதுக்குத் தெரு தெரியும், வூடும் தெரியும்."

சொல்லிவிட்டுக் குதித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே பார்த்தேன். என் வண்டி போகிறது. சாமந்தி மாலை ஆடுகிறது. மாப்பிள்ளை முதுகை நிமிர்த்திக்கொண்டு, கயிற்றை மாலை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு அழகாகப் போகிற வண்டி இனிமேல் அந்தத் தெருவுக்குள் போகாது என்று நினைத்தபோது நெஞ்சு அடைத்தது. வயிறு அடைக்கவில்லை.

குடைக்காரர் எனக்காகக் காத்திருந்தார். அவருக்கு அன்றைக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இருந்திருக்க முடியாது.

"ஏறு. அண்டா மேல குந்து. ஆனா முன்னாடியே சொல்டு, நிறுத்தறேன்" என்றார்.

கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல், சுருட்டி வைத்த பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கிறீச்சிடும் வண்டியில் நான் அந்தத் தெருவுக்குப் போனேன். வழியில் இரண்டு தடவை முன்னாடியே சொன்னேன்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரு முழுக்க வாசலில் நிற்கிறதாம். வண்டிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லையே, ரயில் வரவில்லையோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போது, திருப்பத்தில் திடீரென்று குதிரை முகம் தெரிகிறதாம். ஓட்டுகிற இடத்தில் மாப்பிள்ளையே உட்கார்ந்து வருகிறானாம். பெண் ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்துவிட்டாளாம். குதிரை தானாகவே வீட்டு வாசலில் நின்றதாம். நான் பழக்கிய குதிரை வேறெங்கே நிற்கும்? ஆரத்தி எடுத்து, எல்லோரும் கால் கழுவி, மாப்பிள்ளை வலது காலை உள்ளே வைத்தபோது நாலரை ஆக இன்னும் சில நிமிஷம் இருந்ததாம்.

எங்கள் வண்டி வருகிற சத்தம் மட்டும் தெருவுக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கிறது. அந்த அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் அண்டா மேலிருந்து இறங்குவதைப் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குடைக்காரரிடம் கேட்டார்.

"இவன் மாப்பிள்ளை கையில கயித்தைக் குடுத்துட்டு எங்க போனான்?"

குடைக்காரர் குடையை மடக்கினார். இதற்காகத்தான் அவர் தன் ஆயுசு முழுக்கக் காத்திருந்தார்.

"அத்த ஏம்மா கேக்குற. ஏரிக்கரைல ஒருதபா பூட்டான். பனமரத்தாண்ட ஒருதபா. அப்பால வேலியாண்ட. அப்பால என் வண்டியவே ரெண்டு தபா நிறுத்திகினு ஓடுறான். பேதி புடுங்கிகினு ஒரே பேஜாராப் பூட்ச்சிம்மா. கல்யாண வூட்டுக்கு வர்ற ஆளா இவன்?"

தெருவில் நாலு பேர் சிரித்தார்கள். நான் என் வாழ்க்கையில் தலை குனிந்தவன் அல்ல, ஆனால் அப்போது கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. டாக்டர் மாதிரி என்னிடம் கேட்டார். "காலையில அதைத் தின்னதுக்கப்புறம் வேற என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் இல்லம்மா. தண்ணிதான்."

"நேத்து வயிறு சரியா இருந்ததா?"

"கல்லு மாதிரி இருந்திச்சிம்மா."

"எப்போ ஆரம்பிச்சுது?"

"மாப்ளய ஏத்திகினு கெளம்பனப்போ."

அவர் சாரின் பக்கம் திரும்பினார்.

"கொழுப்பைத் தின்னவனுக்கு வயிறு மந்தமாத்தான் இருக்கும். இப்படி ஓடாது. இது சுத்தமான விளக்கெண்ணெய் பண்ற வேலை. இவன் சொன்னது நிஜம்தான்."

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார் சார்.

"நீங்க ஒண்ணும் நினைக்கலே" என்றார் அந்த அம்மா. உள்ளே திரும்பி, "மோர்ல வெந்தயத்தைப் போட்டு ஒரு செம்பு கொண்டு வாங்க" என்று குரல் கொடுத்தார்.

காலையில் நான் தெரு பார்க்க மையைத் தின்று நிரூபிக்க முடியாததை, என் வயிறு தனியாகப் போய் நிரூபித்துவிட்டு வந்துவிட்டது. அதற்குச் சாட்சி சொன்னது யார்? என்னைக் கவிழ்க்க நினைத்த ஆளே. எத்தனை தடவை, எந்த மரத்தடியில் என்பது வரை ஒன்று விடாமல் சொன்னார். வக்கீல் வைத்திருந்தால்கூட எனக்கு அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

குடைக்காரருக்கு நடந்தது இன்னும் விளங்கவில்லை. அண்டாவை இறக்கப் போனார். அந்த அம்மா தடுத்தார்.

"இருப்பா. உன் வண்டிக்கு என்ன போடறே?"

"வேஸ்ட் ஆயிலும்மா. லாரி ஷெட்ல தர்றது."

"அதுல என்ன கலந்திருக்கு?"

"இன்னா கீதுன்னு யாருக்கும்மா தெரியும்? கறுப்பா கீது. ஊத்தறோம்."

"கல்யாணப் பாத்திரமெல்லாம் அதுலதானே வந்திருக்கு" என்றார் அந்த அம்மா. முகத்தில் விளையாட்டு என்பது மருந்துக்கும் இல்லை. "கொஞ்சம் தின்னு காட்டு."

குடைக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் சக்கரத்தைப் பார்த்தார். சக்கரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. "சாமான எறக்கிட்டு வர்றேம்மா" என்றார். இறக்கினார். வரவில்லை. குடையைக்கூட விரிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போன சத்தம் தெரு முனை தாண்டியும் வெகுநேரம் கேட்டது. அந்தப் பாத்திரங்களையெல்லாம் புளி போட்டு இரண்டு தரம் துலக்கினார்கள்.

மறுநாள் முகூர்த்தத்துக்கு நான் போனேன், கொஞ்சம் கால் தளர்ந்து. விடியலில் வந்த மீதிச் சம்பந்தி வீட்டாரை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்தேன். மாப்பிள்ளை தாலி கட்டிய கையோடு வாசலுக்கு வந்து, இன்னொரு தடவை ஓட்டலாமா என்று காதோடு கேட்டான். ஆட்டோக்கள் வந்து ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்கிற வரை அந்தத் தெருவுக்கு என் வண்டி ஒன்றுதான். பக்கத்துத் தெருவிலிருந்துகூடக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சைவ வண்டி என்றே பேர் விழுந்துவிட்டது. தாம்பரத்தில் இந்தப் பேரை வாங்கிய வண்டி வேறு எது, சொல்லுங்கள்.

கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, நான் இருசைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது குடைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கொட்டாங்குச்சி. என்னிடம் கேட்கக் கூச்சம் போலிருக்கிறது. என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"இன்னாமே, அந்த மை கொஞ்சம் கெடைக்குமா?"

அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"துன்றதுக்கா, வண்டிக்கா?"